கோலாகல ராஜாவின் இலையில் சோறு ஆறிய கதை

முன்னொரு காலத்தில், மழை மட்டும் ராஜாவின் பேச்சைக் கேட்காத ஒரு தேசம் இருந்தது. மற்றதெல்லாம் கேட்டது. யானை கேட்டது, சேனை கேட்டது, குடிகள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். வானம் ஒன்றுதான் இரண்டு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

ராஜாவின் பெயர் கோலாகல பூபதி. கெட்டவர் என்று சொல்ல முடியாது; நல்லவர் என்று சொல்லவும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. பட்டப்பெயர் என்றால் மனிதருக்கு உயிர். கட்டியங்காரன் அவருடைய பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் சபையில் இரண்டு பேராவது தூங்கிவிடுவார்கள்.

"இன்னும் ஒரே ஒரு பட்டம் குறைகிறது," என்றார் ஒருநாள் சபையில். "நாளை நம் பிறந்தநாள். 'பசி வென்ற பெருமான்' என்று நம்மை அழைக்க வேண்டும். இந்த நாட்டில் பசித்தவர் ஒருவரும் இல்லை என்று கல்லில் வெட்டிக் கோட்டை வாசலில் நிறுத்த வேண்டும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

ஊரில் பாதி அடுப்புகளில் பூனை படுத்து உறங்கிக்கொண்டிருந்த காலம் அது. சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

களஞ்சியத்துக்குப் பொறுப்பான பிரதானி கனகசபேசர் எழுந்தார். மெலிந்த தேசத்தில் பருத்த மனிதர்.

"ஆட்சேபம் எப்படி எழும், மகாராஜா? சாட்சியே இருக்கிறதே! பசிக்கூவல்!"

பசிக்கூவல் அந்த தேசத்தின் மிகப் பழைய சட்டம். ராஜாவின் முப்பாட்டனார் போட்டது. உச்சிவேளையில் ராஜா இலைமுன் உட்கார்ந்ததும், "இந்த நாட்டில் பசித்தவர் எவரேனும் உண்டோ?" என்று ஒருவர் கூவ வேண்டும். பதில் வருகிறதா என்று பொறுத்திருக்க வேண்டும். பதில் வந்தால், சொன்னவர் உண்டு முடிக்கும்வரை ராஜாவின் கை இலையைத் தொடக்கூடாது. இதைக் காப்பேன் என்று நெல் நிறைந்த மரக்காலின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் எந்த ராஜாவுக்கும் தலையில் மகுடம் ஏறும். நடுவில் ஒரு ராஜா, பொறுமையில்லாமல் கூவலுக்கு முன்பே ஒரு வாய் அள்ளிப் போட்டாராம். விக்கல் பிடித்ததாம். விடவே இல்லையாம். விக்கியபடியே போய்ச் சேர்ந்தாராம்.

ஆகவே அதற்குப் பிறகு வந்த ஒரு ராஜாவும் அந்தச் சட்டத்தை மீறவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கோட்டை வாசலில் நின்று கூவிய கூவல்காரர்கள் வெயிலைச் சாக்கிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். தாழ்வாரத்தில் காற்றில்லை என்று போஜனசாலைப் படிக்கு வந்தார்கள். இப்போதைய கூவல்காரர் பிரதானியின் மைத்துனர். படியில் நின்று எதிரே உள்ள தூணைப் பார்த்து, கொட்டாவியோடு கொட்டாவியாக அந்த வாக்கியத்தை முணுமுணுத்துவிட்டுப் போவார். தூண் என்றைக்கும் தனக்குப் பசிக்கிறது என்று சொன்னதில்லை.

"என் மைத்துனர் ஒரு நாள் தவறாமல் கூவுகிறார்," என்றார் பிரதானி. "பதிலுக்கு ஒரே ஒரு குரல் வந்ததுண்டா? இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?"

"அதுவும் சரிதான்," என்ற ராஜா சற்றுத் தயங்கினார். "உரல் தெருவில் அடுப்பே எரிவதில்லை என்று யாரோ சொன்னார்களே?"

"விரதம், மகாராஜா! தங்கள் ஆயுள் நீள வேண்டும் என்று குடிகள் விரதம் இருக்கிறார்கள்."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்மேல் எவ்வளவு பாசம்!" என்று உத்தரீயத்தால் ஒற்றிக்கொண்டார்.

சபையின் கடைசித் தூணருகே நின்ற அரசவை விகடன் இடும்பனுக்கு வயிறு எரிந்தது. சிரிக்க வைப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். இன்று காலையில்தான் அந்தத் தொழிலில் அவன் தோற்றுப்போயிருந்தான்.

உரல் தெருவில் அவனுக்கு அடுத்த வீடு ஆராயியுடையது. புருஷன் பிழைப்புத் தேடிக் கிழக்கே போனவன், திரும்பவில்லை. அரண்மனைக் கொட்டடியில் பகலெல்லாம் நெல் குத்துகிறவள் அவள். கூலி, குருணையும் தவிடும். இந்த வருஷம் குருணையைப் பிரதானி விலைக்கு அனுப்பிவிட்டார்; தவிட்டைப் பட்டத்து யானைக்கு ஒதுக்கிவிட்டார். கூலி பிறகு என்றார். அந்தப் 'பிறகு' இன்னும் வந்தபாடில்லை. அதோடு விட்டாரா? சாயங்காலம் பெண்கள் வெளியே போகும்போது வரிசையாக நின்று வாய் கொப்பளித்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் துப்ப வேண்டும். தண்ணீர் வெளுத்திருந்தால் அரிசியை வாயில் அடக்கியிருக்கிறாள் என்று அர்த்தம். சவுக்கடி. அந்தத் தாம்பாளம் பிரதானியின் சொந்தக் கண்டுபிடிப்பு; விருந்தாளிகளிடம்கூடச் சொல்லிப் பெருமைப்படுவார்.

ஆராயியின் மகள் பேச்சிக்கு இரண்டு வயது முடிந்தும் கால் ஊன்றவில்லை.

"அண்ணே, நீங்க ராசாவையே சிரிக்க வைக்கிறவராமே," என்றாள் ஆராயி காலையில், பிள்ளையை அவன் மடியில் கிடத்தி. "எம் புள்ளைய ஒருக்கா சிரிக்க வைங்க பாப்போம்."

இடும்பன் குரங்குபோலக் குதித்தான். யானைபோல அசைந்தான். பிரதானி தும்முவதுபோல் தும்மிக் காட்டினான். அதற்கு ராஜாவே ஒருமுறை ஆசனத்திலிருந்து விழுந்திருக்கிறார். பேச்சி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சிரிக்கிறதுக்கும் வவுத்துல எதாச்சும் இருக்கணும்போல," என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள் அவள்.

அதை நினைத்துக்கொண்டு நின்றபோதுதான் சபை வாசலில் சலசலப்பு. இரண்டு காவலர்கள் ஒரு பெண்ணை இழுத்து வந்தார்கள். இடுப்பில் பிள்ளை.

ஆராயி!

"களஞ்சியத் திருட்டு, மகாராஜா!" ஒரு காவலன் தாம்பாளத்தை நீட்டினான். வெளுத்த தண்ணீர், அதன் நடுவே ஒரு வாய் பச்சரிசி. "கன்னத்தில் அடக்கியிருந்தாள்."

பிரதானியின் முகம் மலர்ந்தது. "களஞ்சியத்தில் திருடினால் வலக்கையை வெட்ட வேண்டும் என்பது சட்டம். பசித்தவரே இல்லாத நாட்டில் இது பசிக்கொடுமையும் அல்ல, மகாராஜா. பேராசை!"

ராஜா குனிந்து பார்த்தார். "பெண்ணே, உனக்குப் பசியா?"

"எனக்குப் பழகிப்போச்சு, ராசா. இவளுக்குத்தான். மென்னு கூழாக்கி ஊட்டலாம்னு..."

"பசியென்றால் பசிக்கூவலுக்குப் பதில் சொல்லியிருக்கலாமே?" என்று மடக்கினார் பிரதானி.

"என்ன கூவலு, சாமி?"

சபை கொல்லென்று சிரித்தது. இடும்பன் சிரிக்கவில்லை. நேராக நடுச்சபைக்கு நடந்தான்.

"மகாராஜா, கையை வெட்டுங்கள். தாராளமாக வெட்டுங்கள். நாளை தங்கள் பிறந்தநாள் விருந்துக்கு அரிசி குத்த வேண்டிய கை அது. வெட்டியதும் பிரதானியாரின் தோளில் பொருத்திவிட்டால் வேலை தடைப்படாது."

சிரிப்பு பட்டென்று நின்றது.

"அடே இடும்பா, சட்டத்தையா கேலி செய்கிறாய்?" என்று உறுமினார் பிரதானி.

"ஐயையோ, சட்டத்தைக் கேலி செய்வேனா! எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கையை வெட்டுகிற சட்டம் மட்டும் நல்ல தேகபலத்தோடு இருக்கிறது. சோறு போடுகிற சட்டத்துக்கு மட்டும் ஏன் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது? மகாராஜா, நாளை ஒருநாள் நான் கூவுகிறேன். ஒரு பதில், ஒரே ஒரு பதில் வந்தால் இவளை விட்டுவிட வேண்டும்."

பிரதானியின் கண்கள் சுருங்கின. எத்தனையோ சபைகளில் தம்மைப்போல் தும்மிக் காட்டிய பயல், தானே வலையில் வந்து தலையை நீட்டுகிறான்!

"அப்படியே ஆகட்டும், மகாராஜா. ஆனால் கூவல்காரர் வழக்கமாக நிற்கும் படியில் நின்றுதான் கூவ வேண்டும். வழக்கமான வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும். இந்தத் திருடி சொல்லும் பதில் செல்லாது. தங்கள் கை இலையைத் தொடும்வரை பதில் வராவிட்டால், அவள் கையோடு இவன் நாக்கும் போக வேண்டும்."

"சட்டத்தில் உள்ளபடி பொறுத்திருக்கலாம் அல்லவா?" என்று கேட்டான் இடும்பன் பணிவாக.

"எழுத்துப் பிசகாமல் செய்! யார் வேண்டாம் என்றது?"

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் சர்க்கரைப் பொங்கல். "சம்மதம்!" என்றார்.

அன்று இரவே பிரதானி பறையடித்து அறிவித்தார். நாளைக்குக் கோட்டைப் பக்கம் தலை காட்டுகிறவன் தலை இருக்காது. கோட்டைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேறு.

மறுநாள் உச்சிவேளை. போஜனசாலையில் அண்டை நாட்டுத் தூதர்கள் ஒருபுறம், பரிசுக்கு வந்த புலவர்கள் ஒருபுறம். தலைவாழை இலையில் ராஜாவுக்கு நெய்ச்சோறு ஆவி பறந்தது. வாழைப்பூ வடை, மாங்காய்ப் பச்சடி, பால் பாயசம். தூணருகே கைகட்டப்பட்டு ஆராயி. அவள் மடியில் பேச்சி. பக்கத்தில் ஒரு காவலன், கையில் அரிவாள்.

இடும்பன் படியில் ஏறி நின்றான். தூணைப் பார்த்தான்.

"இந்த நாட்டில் பசித்தவர் எவரேனும் உண்டோ?"

பிறகு படியிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, காதில் கையைக் குவித்துக்கொண்டான்.

ராஜா கையைக் கழுவிக்கொண்டு காத்திருந்தார். சற்று நேரமாயிற்று.

"ஆயிற்றா, இடும்பா?"

"இல்லை, மகாராஜா. பொறுத்திருக்கிறேன்."

மேலும் சற்று நேரம். நெய் உறையத் தொடங்கியது.

"இன்னும் என்னடா?"

"இந்த 'நாட்டில்' என்றல்லவா கேட்டேன்! நாட்டின் எல்லை தெற்கே மலையடிவாரம். தங்கள் அரபுக் குதிரையே அங்கே போய்த் திரும்ப அந்தி சாய்ந்துவிடும். என் கேள்வி அங்கே போய்ச் சேர வேண்டும். பதில் சொல்கிறவன் இங்கே வந்து சேர வேண்டும். அவனுக்குக் குதிரை ஏது? நடந்து வருவான். அதுவும் பசித்தவன் நடை, மகாராஜா. தங்களுக்குத் தெரியாததா?"

"என் மைத்துனர் ஒரே மூச்சில் முடித்துவிடுவாரே!" என்று குதித்தார் பிரதானி.

"அவர் தூணைக் கேட்டார். தூண் பக்கத்திலேயே இருந்தது."

தூதர்களில் ஒருவர் மீசைக்குள் சிரித்தார். ராஜாவின் முகம் சிவந்தது. கை இலையை நோக்கி நீண்டது. பாதி வழியில் விக்கல் ராஜாவின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையைச் சடக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சட்டத்தை மாற்றிவிடலாம், மகாராஜா!" என்று காதருகே கிசுகிசுத்தார் பிரதானி. "ஒரு கையெழுத்து போதும்."

"மாற்றலாமே," என்றான் இடும்பன். அவன் காதில் கை குவிந்துதானே இருந்தது! "மகுடம் நிற்பது அந்தச் சத்தியத்தின் மேல். அடியில் உள்ள செங்கல்லை உருவினால் மேலே உள்ளது எங்கே விழும் என்று இந்தத் தூதர்கள் ஊருக்குப் போய் நன்றாகச் சொல்வார்கள்."

தூதர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ராஜா பிரதானியைக் கையசைத்து விலக்கினார்.

வெயில் தாழ்ந்தது. பிறந்தது முதல் ஒரு வேளை தவறியும் காத்திருந்து அறியாத வயிறு அது. முதலில் கடகடத்தது. பிறகு கெஞ்சியது. பிறகு உள்ளேயிருந்து பிராண்டியது. தலை வலித்தது. கண்ணெதிரே வடையும் பாயசமும் மிதந்தன. கோபத்தில் ஒரு வேலைக்காரனைத் திட்டினார்; அடுத்த நிமிஷம் எதற்குத் திட்டினோம் என்பதே மறந்துபோயிற்று. இலையையே வெறித்துப் பார்த்தார். யாரோ தம்மோடு சேர்ந்து அதே இலையை வெறிப்பதுபோல் தோன்ற, தலை நிமிர்ந்தார்.

பேச்சி. கண்கொட்டாமல் அதே வடையை, அதே பாயசத்தை. அழவில்லை, கேட்கவில்லை.

ராஜா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பிய இடத்திலும் வயிறு கூடவே வந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டார்.

"பசி உயிர் போகிறதடா, இடும்பா!"

இடும்பன் துள்ளி எழுந்தான். "வந்துவிட்டது! பதில் வந்துவிட்டது! இந்த நாட்டில் பசித்தவர் ஒருவர் உண்டு! சபையோரே, சாட்சி!"

"அது பதிலே அல்ல!" பிரதானி பாய்ந்து முன்னால் வந்தார். நாக்கு பழகிய தடத்திலேயே ஓடியது. "மகாராஜாவுக்குப் பசியா? ஒருநாளும் இல்லை! மகாராஜா விரதம் இருக்கிறார்!"

ராஜா மெல்லத் திரும்பினார்.

"விரதமா?"

"ஆ... ஆமாம், மகாராஜா. பிறந்தநாள் விரதம்."

"என் குடலை ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. உமக்கு அது விரதமா?" ராஜா இலைமுன்னிருந்து எழுந்தேவிட்டார். "நேற்று உரல் தெருவுக்கும் இதே வார்த்தையைத்தானே சொன்னீர்? நான் அழுதேனே ஐயா, பாசம் என்று!"

பிரதானி பின்வாங்கி நடந்து தூணில் முட்டிக்கொண்டார். அதற்குமேல் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "சரி, பசித்தவன் நான்தான். நானே உண்கிறேன்!" என்று கையை நீட்டினார்.

"பசித்தவர் தாராளமாக உண்ணலாம்," என்றான் இடும்பன். "ஆனால் பசித்தவர் உண்டு முடிக்கும்வரை ராஜாவின் கை இலையைத் தொடக்கூடாது. இது யார் கை, மகாராஜா? பசித்தவர் கையா, ராஜா கையா?"

ராஜா தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழாத குறை. "நான் எப்போதுதானடா சாப்பிடுவது?"

"வேறு யாராவது பசித்தவர் இருந்து, அவர்கள் முன்னால் உண்டு முடித்தால் தங்கள் கைக்கு விடுதலை. ஆனால் என்ன செய்ய? பசித்தவரே இல்லாத நாடாயிற்றே!"

ராஜா ஆராயியிடம் ஓடினார். தாமே கட்டை அவிழ்த்தார். "அம்மா, உனக்குப் பசிதானே? சொல்லம்மா!"

"பசிதான், ராசா." அவள் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "எனக்கும் புள்ளைக்கும் மட்டும் போட்டுட்டு நீங்க கை நனைச்சா கணக்குத் தீந்துருமா? தெருவே சுருண்டு கெடக்கு. அவுகளக் கேட்டீகளா?"

இடும்பன்கூட அதை எதிர்பார்க்கவில்லை. ராஜா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டை வாசலுக்கு ஓடினார். தூதர்கள் பின்னால் ஓடினார்கள், புலவர்கள் ஓடினார்கள். தாழ்ப்பாளை உருவிக் கதவைத் தள்ளித் திறந்து, வெயில் மங்கிய வீதியைப் பார்த்து நாட்டின் ராஜாவே கூவினார்:

"இந்த நாட்டில் பசித்தவர் எவரேனும் உண்டோ?"

ஒரு கதவும் திறக்கவில்லை. பறையறிவிப்பை யார் மறப்பார்கள்? தொண்டை கிழிய மறுபடி கூவினார். வீதிக் கோடியில் ஒரு கிழட்டுக் குரல், சண்டைக்கு வருவதுபோல் கேட்டது: "உண்டு! அதுக்கு இப்ப என்னாங்கறே?"

அடுத்த வீட்டில் இன்னொரு குரல். அடுத்த தெருவில் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. ஊரே எழுந்து நின்று பதில் சொன்னது.

களஞ்சியத்தைத் திறந்தார்கள். கூரை முட்ட நெல். விலை ஏறட்டும் என்று அடுக்கி வைத்தது. அடி மூட்டைகள் மக்கிக் கிடந்தன. கதவு திறந்ததும் அந்துப்பூச்சிகள் புகைபோல் எழும்பிப் பறந்தன. இரண்டு வருஷமாக அந்த நாட்டில் வயிறாரத் தின்று கொழுத்தவை பிரதானியும் அந்தப் பூச்சிகளும்தான்.

அரண்மனை அண்டாக்கள் வீதிக்கு வந்தன. பந்தி மேல் பந்தி. ராஜா ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தார், சட்டப்படி. ஒரு புலவர் சமயம் பார்த்துத் தொண்டையைச் செருமி, "அள்ளித் தந்த வள்ளலே..." என்று ஆரம்பித்தார்.

"நிறுத்தும், புலவரே!" இடும்பனின் குரலில் விகடம் இல்லை. "இது தானமா? தானம் என்றால் கொடுக்கிறவர் இஷ்டம். இன்று கொடுப்பார், நாளை கதவைச் சாத்துவார். இது சட்டம். இந்தச் சோறு சாப்பிடுகிறவர்களுடையது. இத்தனை நாள் இதைப் பூட்டி வைத்ததுதான் பெரிய களஞ்சியத் திருட்டு. அந்தத் திருட்டுக்கு எந்தக் கையை வெட்டுவது? அதைப் பாடும்!"

புலவர் உட்கார்ந்துவிட்டார்.

கடைசிப் பந்தியில் ராஜாவுக்கு இலை விழுந்தது. நெய்ச்சோறெல்லாம் எப்போதோ தீர்ந்துபோய், கஞ்சிச் சோறும் ஊறுகாயும்தான் மிச்சம். இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணித்தார். மூன்றாவது வாயில்...

"விக்!"

ராஜாவின் முகம் வெளிறியது. "விக்! விக்!"

"சாபம்! சாபம்!" என்று எங்கிருந்தோ அலறினார் பிரதானி.

ஆராயி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "சாபமும் இல்ல ஒண்ணுமில்ல. பட்டினி கெடந்தவுக எல்லாரும் இப்படித்தான் அள்ளிப் போடுவாக. மெள்ளச் சாப்புடுங்க, ராசா."

"விக்!" என்றார் நாட்டின் ராஜா. மகுடம் நழுவி மூக்கின் மேல் வந்து நின்றது.

கலகலவென்று ஒரு சத்தம். மணிபோல, புதிதாக. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இடும்பனின் மடியில், வாயோரம் கஞ்சி வழிய, பேச்சி சிரித்துக்கொண்டிருந்தாள்.

ராஜா மகுடத்தைத் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார். இன்னொரு விக்கல் வந்தது. அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். அவ்வளவுதான், ராஜாவும் சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வர, வயிறு குலுங்க, இலைமுன்னாலேயே உருண்டு சிரித்தார்.

"இடும்பா, ஜெயித்தாய்! கேள், என்ன வேண்டும்?" என்று கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் தலையில் போட்டார்.

விகடனும் மனிதன்தானே? மாலையை ஒழுங்காகக் கழுத்தில் சரிசெய்துகொண்டான். "கூவல் மறுபடி கோட்டை வாசலுக்கே போகட்டும், மகாராஜா. கூவுகிற உத்தியோகம் ஆராயிக்கு. உரல் ஒன்று காலியாகிறது. பிரதானியாரும் மைத்துனரும் மாற்றி மாற்றிக் குத்தட்டும்."

"சாயங்காலம் அவர்கள் வாயையும் கொப்பளிக்கச் சொல்லவா?" என்றார் ராஜா உற்சாகமாக.

"வேண்டாம், ராசா," என்றாள் ஆராயி. "யாரும் யாரு வாயையும் பாக்க வேண்டாம். அந்தத் தாம்பாளத்த மட்டும் எங்கிட்டக் குடுங்க."

மறுநாளிலிருந்து உச்சிவேளையில் கோட்டை வாசலில் அந்தத் தாம்பாளம் சேகண்டியாக முழங்கியது. 'பசித்தவர் ஒருவரும் இல்லை' என்று பிறந்தநாளுக்காக வெட்டி வைத்திருந்த கல்லைக் குப்புறப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று கூவினாள் ஆராயி. உள்ளே ராஜா தூக்கிய கை தூக்கியபடி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில நாள் பதில் வரவில்லை. பல நாள் வந்தது. ராஜாவின் இலையில் சோறு ஆறியது.

ஆறட்டுமே! ஆறின சோறு தின்று எந்த ராஜாவும் செத்ததில்லை.